நாற்பத்திரண்டு வீடும் கடலில்

கம்ப்யூட்டர் படித்த திமிர்தான், வேறென்ன. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

2003-ல் சென்னைக்குத் தெற்கே நாவலூர் ஆபீசில் மேப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. கோவளம் குப்பத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஜி.பி.எஸ். கருவியில் இடத்தைப் பதிவு செய்ய, அந்தக் குப்பத்துக்காரர் மூர்த்தியை அனுப்பினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாலு நாள் வெயிலில் அலைந்து நாற்பத்திரண்டு வீட்டையும் முடித்துக்கொண்டு வந்தார்.

ஜி.ஐ.எஸ். என்கிற கம்ப்யூட்டர் மேப் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. கீழே சாட்டிலைட் படம், அதன்மேல் சாலை, அதன்மேல் வீடுகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்புவதுதான். மூர்த்தியின் புள்ளிகளைப் பரப்பினேன். அத்தனையும் கடலில் போய் விழுந்தன.

"யோவ், போட்ல உக்காந்து பட்டனை அமுக்கிட்டு வந்து என்கிட்ட கதை விடறியா?" என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"இன்னா சார் இப்டி சொல்றே? வூடு வூடா நடந்துதான் எட்தேன்."

"மெஷின் பொய் சொல்லாது" என்றேன். அவர் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அதே கருவியை வேறு வேலைக்கு எடுத்தேன். செட்டிங்கைப் பார்த்தேன். அது பழைய சர்வே மேப்புக்கான கணக்கில் இருந்தது. சாட்டிலைட் படத்தின் கணக்கு வேறு. அதனால்தான் எல்லாம் நூற்றறுபது மீட்டர் கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது. அந்தச் செட்டிங்கை வைத்துக் கொடுத்த மடையன் நான்தான். மாற்றிப் போட்டேன். நாற்பத்திரண்டு புள்ளிகளும் கரையேறி அதனதன் வீட்டில் உட்கார்ந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

அன்று சாயங்காலமே கோவளத்துக்கு பஸ் பிடித்தேன். மூர்த்தி தனியாக வலை பிரித்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதுதான், மன்னிச்சுடுங்க" என்றேன்.

"அத்த இங்க சொன்னா யாருக்குக் கேக்கும் சார்? அத்தினி பேர் எதிர்லதானே திட்னே. நாளைக்கு வர்றேன், அங்கயே சொல்லு."

சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஆபீஸ் கதவோரம் நின்றார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு என் தோளில் தட்டினார். "ஃபீல்டுல சொதப்பி வச்சதை நம்ம பட்டாபி ஒரே நாள்ல சரி பண்ணிட்டார்."

எல்லோரும் கைதட்டினார்கள். மூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்க் யூ சார்" என்றேன், மேனேஜரிடம்.