கிழிக்க வேண்டிய ஒன்பதாவது படம்

மனம் வறண்டுபோன ஓவியன் ஒருவன் மறுபடியும் வரையத் தொடங்குவதுதான் அந்தச் சினிமாவின் கதை. அவன் வரைவதாகக் காட்டும் படங்களை வரைய என்னைக் கூப்பிட்டார்கள். நாலு வருஷமாகச் சொந்தமாக ஒரு படம்கூட உருப்படியாக வராத ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார்களே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. என் தங்கைதான் அதில் கலை இயக்குநர். "அண்ணா, உன்ன விட்டா இதுக்குப் பொருத்தமா யாரும் கிடைக்க மாட்டாங்க" என்றாள். பாராட்டினாளா குத்திக்காட்டினாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

கதாநாயகன் வெறுத்துப்போய்க் கிழிப்பதற்குப் பன்னிரண்டு மோசமான படங்கள் வேண்டும். கடைசிக் காட்சிக்கு, பார்ப்பவர்கள் வாயடைத்துப் போகும்படி ஒரே ஒரு நல்ல படம். அப்புறம் என் கை. கதாநாயகனின் விரல்கள் வெண்ணெய் மாதிரி இருந்தன. தூரிகையை ஐஸ்கிரீம் கரண்டி போலப் பிடித்தார். அதனால் கையைக் கிட்டத்தில் காட்டும் இடங்களில் எல்லாம் என் கைதான் நடிக்க வேண்டும்.

மோசமான படங்கள் தண்ணீர் பட்ட பாடாக வந்தன. நல்ல படத்தைத்தான் ஏழு முறை வரைந்தேன். ஏழு முறையும் இயக்குநர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு சார். என்னமோ ஒண்ணு குறையுது" என்றார்.

"என்ன குறையுதுன்னு சொல்லுங்களேன்."

"அது தெரிஞ்சா நானே வரைஞ்சிட மாட்டேனா?"

எரிச்சல் தலைக்கேறியது. அவர்மேல் கூட இல்லை. அவர் சொன்னது உண்மை என்று எனக்கும் தெரிந்திருந்தது, அதுதான் எரிச்சல். ஏழிலும் அதே கடல், சூரியன், கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு எங்கேயோ பார்க்கும் பெண். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஏழாவதும் திரும்பி வந்த மறுநாள் காலை, என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே, "வரையத்தான் வரல, அந்தப் பாத்திரத்தையாவது தேய்ச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். நான் தேய்க்கவில்லை. கிழிக்கிற படங்களில் ஒன்பதாவது மட்டும் பாக்கி இருந்தது. கிழியப்போகிற படத்தை எவன் பார்க்கப் போகிறான் என்ற கடுப்பில், சமையலறையிலேயே நின்றுகொண்டு, தொட்டியில் குவிந்து கிடந்த பாத்திரங்களை மளமளவென்று படமாகத் தீட்டினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சினிமா கம்பெனி வண்டி வந்து, வண்ணம் காய்வதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தங்கை அதன் முதுகில் 'கிழிக்க - 9' என்று எழுதி அடுக்கி வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் படப்பிடிப்பு. ஒரு பழைய கிடங்கை ஓவியனின் அறையாக மாற்றியிருந்தார்கள். கதாநாயகனின் சட்டையைப் போலவே எனக்கும் ஒரு சட்டை, கையில் கத்தி, தோளுக்குப் பின்னால் கேமரா. அவர் படத்தைத் தூக்கி நிறுத்துவது வரை நடித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். குத்திக் கிழிப்பது என் வேலை.

"ஆக்‌ஷன்!"

கையை ஓங்கினேன். எதிரே ஒன்பதாவது படம்.

அதை நான் சரியாகப் பார்த்ததே அப்போதுதான். அடிப்பிடித்த பாத்திரம், அதன்மேல் கவிழ்த்துப் போட்ட இரண்டு தட்டுகள், குழாயின் நுனியில் விழலாமா வேண்டாமா என்று தொங்கும் ஒரு சொட்டு. இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்த வீடு அது. நன்றாக இருந்தது. ஐயோ, அவ்வளவு நன்றாக இருந்தது. நாலு வருஷமாகக் கண்ணில் படாமல் எனக்குப் போக்குக் காட்டியது, கிழிக்கிற படங்களின் அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது!

கை இறங்கவில்லை. கத்தியைத் தாழ்த்தினேன்.

"கட்! என்ன சார் ஆச்சு?"

"இதக் கிழிக்க முடியாது. வேற எத வேணாலும் குடுங்க."

தங்கை ஓடி வந்தாள். "அண்ணா, விளையாடாத. அவரு இந்தப் படத்தத்தான் கையில எடுத்திருக்காரு. இப்ப வேறொண்ணக் கிழிச்சா பாக்கிறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்டி. என்னால முடியாது."

இயக்குநரோ, நான் கத்தியைத் தாழ்த்தியதைத் திரையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"கிழிக்கவே வேணாம் சார். இதான் க்ளைமாக்ஸ். குப்பைன்னு ஒதுக்கினதக் கிழிக்கப் போறான், கை வரல. இத வெச்சுக்கிட்டா ஏழு தடவ என்ன அலைய விட்டீங்க?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் பிழைத்துவிட்டது. "ஷூட்டிங் முடிஞ்சதும் இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன் தங்கையிடம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"முடியாதுண்ணா. இதுக்காக வரைஞ்சது எல்லாமே கம்பெனிக்குத்தான். க்ளைமாக்ஸ் படத்த ஆபீஸ்ல மாட்டறதா முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க."

அதற்குள் இயக்குநர் கூப்பிட்டார். "சார், இன்னும் ஒரே ஒரு ஷாட். கத்தியக் கீழ வெச்சிட்டு, தூரிகைய எடுத்து, மூலையில கையெழுத்துப் போடுறான்."

யாருடைய கையெழுத்து என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கதையில் வருகிறவனின் கையெழுத்தை, இதற்காகவே ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதிப் பழகியிருந்தேன்.

போட்டேன். "இன்னும் கொஞ்சம் மெதுவா சார்." தங்கை, வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணியால் அதைத் துடைத்தாள். மறுபடி போட்டேன். ஈரத்தில் விளக்கு பளபளத்ததால் அதுவும் சரியில்லை என்றார்கள். அவள் துடைத்தபோது தொட்டியின் விளிம்பும் கொஞ்சம் கரைந்து துணியோடு வந்தது.

விளக்கை நகர்த்தினார்கள். தங்கை கேமராவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"அண்ணா, ரெண்டு நிமிஷம் ஆகும். உன் பேரப் போட்டுப் பாரு. நான் துடைச்சிடறேன்."

போட்டேன். அந்த மூலைக்கு அளவெடுத்தது போல உட்கார்ந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ரெடியா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தங்கை துணியைப் பிடித்தபடியே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளிடமிருந்து துணியை வாங்கி நானே துடைத்தேன்.

பிறகு அவன் பெயரை எழுதினேன். அந்த முறை ஓகே ஆகிவிட்டது.