மெஷினில் குறையில்லை

எரிமேடை வண்டியோடு வந்திருந்த ராமன், குளிப்பாட்டுவதற்காகப் பிணத்தின் சட்டையைக் கழற்றினான். இடது காறையெலும்புக்குக் கீழே இருந்த மேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"நெஞ்சுல மெஷின் வெச்சிக்கீதே, யாரும் சொல்லலியேம்மா? இத்தோட மேடையில ஏத்துனா வெடிச்சிடும். எடுத்துட்டுத்தான் ஏத்தணும்."

பெருந்தேவி தலையாட்டினாள். புருஷன் சுப்பராயலு செத்தது தெரிந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. இதை எடுத்துப் போட்டுடு, எடுத்துப் போட்டுடு என்று மனுஷன் மாதக்கணக்கில் கெஞ்சியதை, முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து ஒரே பேச்சில் முடித்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டவர் கோதண்டராமன். மணிமங்கலத்துக்காரர். பெருந்தேவியின் மகள் சௌந்தர்யாவுக்குப் பேசி வைத்திருக்கும் பாலாஜியின் அப்பா. தை பிறந்ததும் நிச்சயதார்த்தம். தாலி ஏறும் முன்பே சம்பந்தியாகிவிட்ட மனிதர். காலையிலிருந்து பந்தல், நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். நடுநடுவே வருகிறவர்களிடமெல்லாம், மெஷின் பழுதாகித்தான் ஆள் போய்விட்டார், ஆஸ்பத்திரியைச் சும்மா விடப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டும் இருந்தார். பெருந்தேவி மறுத்துப் பேசவில்லை.

சுப்பராயலு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருபது வருடம் வெல்டர். மாசி மாதம் செகண்ட் ஷிஃப்டில் லைனிலேயே மயங்கி விழுந்தார். இதயம் நிமிஷத்துக்கு முப்பது தடவைதான் துடிக்கிறது என்று பேஸ்மேக்கர் வைத்தார்கள். இனி வெல்டிங் மெஷின் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். கம்பெனியும் நல்ல மனதோடுதான், கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதச் சொன்னது. பதினோரு நாள் எழுதினார். பன்னிரண்டாவது நாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் எந்நேரமும் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து எண்ணிக்கொண்டிருப்பார். மிக்ஸி ஓடினால், மெஷின் கெட்டுவிடும் என்று தெருவுக்குப் போய்விடுவார். தூக்கம் கிடையாது. தூங்கும்போது இது நின்றுவிட்டால் யார் பார்ப்பது என்பார். செக்கப்புக்குக் கூட்டிப்போனால், டெக்னீஷியன் கலைமதி மார்பில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, மெஷின் அருமையாக ஓடுகிறது, பேட்டரி பத்து வருஷம் வரும் என்பாள். பெருந்தேவிக்குச் சந்தோஷம் தாங்காது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதைக் கவனித்தவளும் கலைமதிதான். அவள் போய்ச் சொல்லி, டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இப்படி மெஷின் வைத்தவர்களில் சிலருக்குப் பயமும் மனச்சோர்வும் வருவதுண்டு, வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும், வியாழக்கிழமை மாடியில் மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்.

அது ஆவணி மாதம். அந்த வாரம்தான் மணிமங்கலத்துக்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அப்பனுக்குப் பைத்தியம் என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், மகள் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். பெருந்தேவி சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்து, அடுப்பில் போட்டாள். அதற்குப் பதிலாக ஆறு செவ்வாய்க்கிழமை அவரை வல்லக்கோட்டை முருகனிடம் கூட்டிப்போனாள். அவரும் மறுக்காமல் வந்தார். ஏழாவது வாரம் திரும்பவும் எடுத்துப் போடச் சொன்னபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மெஷின் நல்லா கீதுன்னு அத்தினி வாட்டி சொல்லிட்டாங்க. இன்னும் உனக்கு இன்னாதான் கேடு?"

அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. தெளிந்துவிட்டார் என்று இவள் நம்பினாள். நம்பத்தான் அவளுக்கு ஆசை. கடைசியாக வந்த இருமலையும் காய்ச்சலையும் அவர் சாதாரண சளி என்று சொல்லிச் சமாளித்ததையும் நம்பினாள். இன்று விடியற்காலை டீயோடு போய் எழுப்பினால் உடம்பு சில்லிட்டிருந்தது. தலையணை உறைக்குள், அவர் விழுங்காமல் ஒளித்து வைத்த இருபது நாள் இதய மாத்திரை பிரிக்காமல் கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கலைமதி ஒரு டாக்டரோடு வந்து சேர்ந்தாள். ரூமில் பெருந்தேவியும் சௌந்தர்யாவும் மட்டும் நின்றார்கள். கலைமதி வழக்கம்போலக் கருவியை மார்பில் வைத்து, திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். டாக்டர் சின்னதாகக் கீறி அதை எடுத்தார். தீப்பெட்டி அளவுகூட இல்லை. இதைச் சுமக்க முடியாமலா போனார் என்று நினைத்தபோது பெருந்தேவிக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா," என்றாள் கலைமதி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மாடி டாக்டரைப் பாத்தீங்களா?" என்றாள்.

பெருந்தேவி தரையைப் பார்த்தாள். கலைமதி கருவியைப் பையில் வைத்து மூடினாள்.

மெஷினில் குறையில்லை என்று வெளியே சொல்லிவிட்டு, டாக்டர் வண்டியெடுக்க முன்னால் போய்விட்டார். பின்னால் வந்த கலைமதியை விடாமல் கேட்டை மறித்துக்கொண்டு கோதண்டராமன் நின்றார். பக்கத்தில் நாலு பேர்.

"மெஷின் நல்லா கீதாம், ஆளு மட்டும் பூட்டாராம். யாருக்குக் காது குத்துறீங்க? போலீஸ் வந்து கேக்கற வரைக்கும் இந்தம்மா இங்கியேதான் நிக்கணும்."

நாலு பேரில் ஒருவன் கலைமதியின் பையைப் பிடுங்கிக்கொண்டான். அவள் முகம் வெளுத்துவிட்டது. சீட்டு கொடுத்தோம், இவர்கள் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவள் பெருந்தேவியை ஒருமுறை பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். யாரோ பெற்ற பெண், தன் மகளுக்காக அடி வாங்கவும் தயாராக நிற்கிறாள் என்று பெருந்தேவிக்குப் புரிந்தது. பக்கத்தில் சௌந்தர்யா அம்மாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"அண்ணா, அவங்கள வுட்டுடுங்க," என்றாள் பெருந்தேவி. "மெஷின் நல்லாத்தான் ஓடிச்சி. அவருக்குத்தான் மனசு சரியில்ல. மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்ட இட்டுகினு போவச் சொல்லி சீட்டு குடுத்தாங்க. கல்யாணம் நின்னுடும்னு நான்தான் இட்டுகினு போவல."

கோதண்டராமன் கேட்டை விட்டு ஒதுங்கினார். பையை வாங்கிக்கொண்டு கலைமதி போனாள். சிறிது நேரம் கழித்து அவரும் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மடித்துக்கொண்டு, தன் வண்டி நின்ற பக்கம் நடந்தார்.

"எப்பம்மா குடுத்தாங்க?" என்று கேட்டாள் சௌந்தர்யா.

"ஆவணில."

இது மார்கழி. சௌந்தர்யா பிடித்திருந்த கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். நேரமாகிறது என்று எரிமேடை வண்டி ராமன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். பெருந்தேவி பின்னாலேயே போய் ரூம் வாசலில் நின்றாள். அப்பாவின் மார்பில் கீறிய இடத்தில் டாக்டர் ஒட்டிய பிளாஸ்திரி, துடைத்த ஈரத்தில் ஒரு முனை எழும்பி நின்றது. சௌந்தர்யா அதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்ததும் எழும்பியது. மறுபடி அழுத்தினாள்.