பூஜையில் இருந்த ஸ்பானர்

ஆயுத பூஜை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பாலக்கரையிலிருந்து சைக்கிளில் காவேரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த தங்கையனின் வாடகைக் கார் ஷெட்டுக்கு அன்றும் ஏழு மணிக்கே வந்து சேர்ந்தான் பிலோமின்ராஜ். ஷெட்டில் மூன்று கார்கள் நின்றன. நான்காவது கார் முசிறி ரோட்டில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மூன்று சக்கரத்தோடு நின்றுகொண்டிருந்தது.

முதல் காருக்குப் பின்சக்கரத்தில் கல் முட்டுக் கொடுத்துவிட்டு முன்பக்கம் ஜாக்கி போட்டான். முட்டுக் கொடுக்காமல் ஜாக்கி போடுகிறவன் கையால் டீகூட வாங்கிக் குடிக்க மாட்டான் அவன். அப்படி ஒரு பிடிவாதம். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். டயரின் பள்ளங்களில் சிக்கியிருந்த கற்களை ஆணியால் நெம்பி எடுத்தான். காற்றடித்ததும் விரலில் எச்சில் தொட்டு வால்வின் மேல் வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. அடுத்த சக்கரத்துக்குப் போனான்.

கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கோபம்கூட வரவில்லை. முந்தாநாள் அவன் மனைவி ரோசம்மாள் மீன் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். மற்ற நாளாக இருந்தால் தட்டு நகர்ந்திருக்கும். அன்று மறுபேச்சில்லாமல் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். அதைப் பார்த்துத்தான் அவள் பயந்துபோனாள். அவனுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். அந்த வருஷம், அறுபத்தோராம் வருஷம், பூஜைக்குக் கார்கள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தங்கையன் ஆசைப்பட்டார். நாலு காரின் சக்கரங்களையும் கழற்றி, துருவைச் சுரண்டி, வெள்ளிப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். பிலோமின்ராஜ் அடித்தான். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் சக்கரங்களை மாட்டி நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினான். புதுப் பெயின்ட் மேல் முறுக்கிய நட்டை நம்பக் கூடாது. வண்டி கொஞ்ச தூரம் ஓடினால் அடியில் உள்ள பெயின்ட் நசுங்கி உதிரும். இறுகி இருந்த நட்டு தளர்ந்துவிடும். அதனால் உள்ளூரில் ஓட்டிவிட்டு வந்து இன்னொரு தடவை முறுக்க வேண்டும். இரண்டாம் முறுக்கு என்று அதற்குப் பெயர்.

அதற்காக அவனே ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தான். சக்கரம் மாட்டிய வண்டியின் முன்கண்ணாடியில், உள்பக்கம், டிரைவரின் கண்ணில் படுகிற மூலையில், சாக்பீஸை நாக்கில் நனைத்து ஒரு வட்டம் போடுவான். வட்டம் இருக்கிற வண்டி உள்ளூரைத் தாண்டக் கூடாது. இரண்டாம் முறுக்கு முடிந்த பிறகு வட்டம் போட்ட கைதான் அதை அழிக்க வேண்டும். டிரைவர்கள் இதற்காக அவனைக் கேலி செய்வதுண்டு. அதிகம் கேலி செய்தவனும், ஒருநாள்கூட மீறாதவனும் காஜா மைதீன்தான். பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுகிறவர்கள்.

பூஜையன்று ஷெட்டில் இருந்த அத்தனை சாமானும் பெஞ்சில் ஏறியது. ஜாக்கி, பம்ப், டயர் கழற்றும் லீவர், சக்கரம் முறுக்குகிற ஸ்பானர், கார் டிக்கிகளில் கிடந்த சாமான் உட்பட எல்லாவற்றையும் வெள்ளை வேட்டியில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டார் தங்கையன். மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை எதையும் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம். கார்கள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஒரு சுற்றுப் போய் வந்து நின்றன. தங்கையன் பொரி கடலையை அள்ளிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். போகும்போது, பூஜை போட்ட வண்டிக்கு முதல் சவாரி வந்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குச் சவாரி வந்தது. உத்தர வீதியிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும். முசிறியில் பேரன் பிறந்திருக்கிறானாம். காஜா வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடி மூலையைப் பார்த்தான்.

"என்ன பிலோமின், வட்டம் இருக்கே."

"முறுக்கணும். ஸ்பானர் அங்க இருக்கு."

இருவரும் பெஞ்சைப் பார்த்தார்கள். மாலைக்கு அடியில் ஸ்பானரின் கைப்பிடி மட்டும் தெரிந்தது. அதிலும் மூன்று குங்குமப் பொட்டு.

"எடேன்" என்றான் காஜா.

"நான் எப்படி எடுக்கிறது? நான் வேதக்காரன். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் தொட்டதாலதான்னு ஆயிடும். நீ எடு."

"நான் எடுத்தா மட்டும் சும்மா இருப்பாங்களா? சாமி பொருள்ல கை வச்சிட்டான்னு முதலாளி மனசு சங்கடப்படும்."

"போய்க் கேட்டுட்டு வந்துடவா?"

"சாப்பிட்டுப் படுத்திருப்பாரு. நல்ல நாளும் அதுவுமா எழுப்பணுமா? நான் பையப் போறேன். முசிறி என்ன, சீமையா?"

அடுத்தவர் சாமியிடம் நமக்கு இருக்கிற பயம் நம் சாமியிடம் இருப்பதில்லை. நம் சாமியிடம் சண்டை போடலாம், நேர்ந்துகொண்டதைத் தள்ளிப் போடலாம். அடுத்தவர் சாமி என்றால் கையைக் கட்டிக்கொண்டு எட்ட நிற்கத்தான் தோன்றும். அந்த மரியாதையில் இரண்டு நல்ல மனுஷர்கள் எட்டடி தூரத்தில் இருந்த இரும்பை எடுக்காமல் நின்றார்கள். வண்டி போயிற்று.

குணசீலம் தாண்டியதும் முன்பக்கத்து இடது சக்கரம் கழன்றது. கார் சரிந்து வாழைத் தோட்டத்துக்குள் இறங்கியது. காஜாவுக்கு வலது கால் முறிந்தது. பெரியவருக்கும் மனைவிக்கும் சிராய்ப்போடு போயிற்று. கழன்ற சக்கரம் மட்டும் நிற்கவில்லை. ரோட்டோடு உருண்டு போய், தோளில் வாழைத்தாரோடு நடந்துகொண்டிருந்த மதுரைவீரன் என்பவனை முதுகில் அடித்தது. அந்த ஆள் அங்கேயே செத்துப்போனான். பிலோமின்ராஜ் அவனைப் பார்த்ததே இல்லை. பெயரே மறுநாள்தான் தெரிந்தது.

காஜா வேகமாகப் போனான், அதனால்தான் என்றது ஊர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உத்தர வீதிப் பெரியவரைப் போலீஸ் கேட்டதற்கு, "வேகத்தை நான் என்னத்தைக் கண்டேன், கண்ணை மூடிண்டு பெருமாளை சேவிச்சிண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, காஜா வேகமாகப் போயிருக்க மாட்டான் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன் ஒன்பது நாளாக வால்வில் எச்சில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் ஜெயிலுக்குப் போகவேண்டியவன் அவன். சொல்லாவிட்டால் காஜா. இது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ப் பார்க்கவும் இல்லை.

பத்து மணி வாக்கில் கமருன்னிசா வந்தாள். காஜாவின் மனைவி. துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு ஷெட் வாசலிலேயே நின்றாள்.

"அவங்க மாத்துச் சட்டை இங்க ஆணியில தொங்குதாம்ணே. எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தான். அவள் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள், ஆனால் போகவில்லை.

"வேகமாத்தான் போனேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே. கட்டுப் பிரிச்சதும் கோர்ட்டாம். வேகமாப் போற ஆளா அவங்க? என்னை ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பவே மாட்டு வண்டிக்கு வழி விட்டுட்டு நின்ன மனுஷன். நீங்க சொல்லுங்க, போவாங்களா?"

"தெரியலம்மா" என்றான் பிலோமின்ராஜ். தன் வாயா அதைச் சொன்னது என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

அவள் கையிலிருந்த சட்டையை இன்னொரு மடிப்பு மடித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. எனக்கு அது என்னன்னு புரியல. போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே வட்டத்தை அழிச்சிட்டேன், பிலோமினைக் கவலைப்படாம இருக்கச் சொல்லுன்னாங்க."

அவள் போன பிறகும் அவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். கால் முறிந்து கிடந்தவன், அந்த வலியோடு எக்கி, சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்திருக்கிறான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் மீறாத வழக்கத்தை அன்று இரண்டு தடவை மீறியிருக்கிறான்: வட்டத்தோடு வண்டியை எடுத்தது ஒன்று, அதை அழித்தது இன்னொன்று.

தங்கையன் மேஜையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பிலோமின்ராஜ் அவர் எதிரில் போய் நின்றான்.

"முதலாளி, பூஜையில வச்ச ஸ்பானரை அன்னைக்கே எடுத்திருந்தா தப்புங்களா?"

"எந்த ஸ்பானரை?"

"சக்கரம் முறுக்குறது. சவாரி போறதுக்கு முன்னாடி முறுக்க வேண்டியிருந்துச்சு. பூஜையில இருந்துச்சேன்னு..."

தங்கையன் வெற்றிலையைக் கீழே வைத்தார். "அவசரம்னா கும்பிட்டுட்டு எடுக்க வேண்டியதுதானேப்பா. போன வருஷம் வீட்டு மோட்டார் நின்னு போச்சுன்னு நானே பூஜையில இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டுப் போனேன். சாமி என்ன, நம்மளை மாதிரி ரோஷக்காரரா?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "முறுக்காமயா வண்டி போச்சு?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்திருப்பார். போய்க் கேட்கத்தான் ஆளில்லை. பிலோமின்ராஜ் சட்டையை மாட்டினான்.

முசிறி பஸ்ஸில் ஏறி, ஸ்டேஷன் வாசலில் இறங்கினான். வேப்பமரத்தடியில் கார் சாய்ந்து நின்றது. ஸ்டேஷன் ரைட்டர் கண்ணாடி போட்ட, சளி பிடித்த மனிதர். காகிதத்தை இழுத்துக்கொண்டு பெயர் கேட்டார், சொன்னான்.

"அந்த வண்டிக்குச் சக்கரம் மாட்டினவன் நான்தாங்க. ரெண்டாம் முறுக்கு முறுக்கல. டிரைவர் மேல தப்பில்லைங்க, அவன் பையத்தான் போயிருப்பான்."

"அவரு வேகமாப் போனேன்னு கையெழுத்தே போட்டுட்டாரே."

"அது பொய்ங்க. எனக்காகச் சொன்னது."

ரைட்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஏன் முறுக்கல?"

"ஸ்பானர் ஆயுத பூஜையில இருந்துச்சுங்க."

"நீங்க கிறிஸ்தவரு."

"ஆமாங்க."

"டிரைவர் முஸ்லிம்."

"ஆமாங்க."

"அப்புறம் யாரு பூஜைக்காகப்பா முறுக்காம விட்டீங்க?"

ரைட்டர் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். "செத்தவன் பொஞ்சாதி, அமிர்தம்னு பேரு, நேத்து வந்திருந்தா. அழல, திட்டல. சக்கரம் ஏன் சாமி தனியா வந்துச்சுன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. நாளைக்கு மறுபடி வருவா. நீங்க சொன்ன இதையா சொல்லட்டும்?"

ஒன்பது நாள் சும்மா இருந்த துக்கம் அப்போதுதான் பிலோமின்ராஜுக்கு மொத்தமாக வந்தது. பார்த்தே இராத ஒரு மனுஷன் தோளில் தாரோடு நடப்பது கண் முன்னால் தெரிந்தது. அழுதான். ரைட்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நானே வந்து அந்தம்மாகிட்ட சொல்றேங்க. என்னை உள்ள போடாம விட்டீங்கன்னா" என்றான் பிறகு. "இப்ப எழுதிக்குங்க."

எழுதினார், அவன் கையெழுத்துப் போட்டான். இன்ஸ்பெக்டர் ஐயா வருகிறவரை உட்காருங்கள் என்றார் ரைட்டர். அவன் அனுமதி கேட்டு வேப்பமரத்தடிக்குப் போனான். கார்க் கதவைத் திறந்தான். கண்ணாடியின் மூலையில் சட்டைக் கை துடைத்த தடம் மங்கலாக இருந்தது. பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, நாக்கில் நனைத்து, அதே இடத்தில் வட்டம் போட்டான்.

பின்னாலேயே வந்து நின்ற ரைட்டர் கேட்டார். "என்ன அது?"

"இந்த வண்டி இன்னும் வெளியூர் போகக் கூடாதுன்னு அர்த்தங்க" என்றான் பிலோமின்ராஜ். "யாரும் அழிச்சிடாமப் பாத்துக்குங்க. அது நான் அழிக்க வேண்டியது."