என்னைக் கண்டால் இருமும் கார்

எங்கள் வீட்டுக் கார் என்னைக் கண்டால் மட்டும்தான் இருமும். சொன்னால் யாரும் நம்பவில்லை. நம்பாமல் இருந்தாலாவது தொலையட்டும் என்று விட்டிருப்பேன். சிரித்தார்கள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ரூத். வீடு கடலோரம் சதுரங்கப்பட்டினத்தில், வேலை செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் விடிந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கதவைத் திறப்பது நான். முதல் பஸ்ஸை நம்பிப் போனால் பசியில் இருக்கிற அத்தனை பேரின் வாயிலும் விழவேண்டியதுதான். அதனால் அப்பா ஆசைப்பட்டு வாங்கி நிறுத்தியிருந்த பழைய வெள்ளைக் காரை நான் எடுத்துக்கொண்டேன். அப்பா தேவசகாயம், அணுபுரம் குடியிருப்பில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் வாங்கினாரே தவிர ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. தம்பி ஸ்டான்லி ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சர்ச்சுக்கு ஏற்றிப்போவான். மற்ற நாளெல்லாம் அது என் வண்டி. எங்கள் தெருவில் முதலில் கார் ஓட்டிய பெண் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன்.

வண்டி இருமத் தொடங்கியது மழைக்காலம் முடிந்த பிறகு. காலையில் தெருவைத் தாண்டி ரோட்டில் ஏறியதும் ஒரு குலுக்கு. அப்புறம் இன்னொன்று. ஒரு கால் குட்டையான கட்டிலில் உட்கார்ந்த மாதிரி வண்டி முழுக்க ஆடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுக்காது. திருக்கழுக்குன்றம் தாண்டினால் எல்லாம் சரியாகி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஒருநாள் அணுபுரம் வளைவில் நின்றேவிட்டது. பின்னால் வந்த மணல் லாரி போட்ட பிரேக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஸ்டான்லி ஓட்டிப் பார்த்தான். பூனை மாதிரிப் போனது.

"வண்டில ஒண்ணியும் இல்லக்கா. நீ கிளட்ச்ச சரியா வுடறதில்ல" என்றான்.

"கிளட்ச்சுக்கும் இருமலுக்கும் இன்னாடா சம்மந்தம்?"

"அத்த வண்டியத்தான் கேக்கணும். என்கிட்ட இருமலியே!"

செங்கல்பட்டு ராட்டிணங்கிணறு பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வெங்கடேசன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பார்க் பிளக் நாலையும் மாற்றினார். அடுத்த வாரம் பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி ஊதினார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மிஸ்ஸிங்கே இல்லியேம்மா, இஞ்சின் சீராத்தான் ஓடுது. பயப்படாம கால அழுத்தி ஓட்டு" என்றார். பயமாம், எனக்கு! சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

லாரி விஷயம் எப்படியோ வீட்டுக்குத் தெரிந்துபோனது. அம்மா மார்கரெட் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அப்பா மறுநாள் தீர்ப்புச் சொன்னார்.

"ரூத்து, ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவலன்னா வித்துடலாம். நட்டநடு ரோட்ல நின்னுட்டா இன்னா பண்ணுவே? வண்டி போனா போவுது, நீ செங்கல்பட்டுல ஆஸ்டல்ல தங்கிக்கோ."

"அச்சரப்பாக்கத்துல ஒர்த்தர் கேட்டுகினு கீறாரு. ஞாயித்துக்கெழம வரச் சொல்றேன்" என்றான் ஸ்டான்லி, கேட்காமலே. அவன் புது பைக்குக்குத் தகரக் கொட்டகையில் இடம் வேண்டும். என் கார் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

ஆஸ்டலாம்! கடல் காற்றில் வளர்ந்தவள் நான். ஆறு கட்டில் போட்ட அறையில் யாரோ ஒருத்தியின் செல்போன் பாட்டைக் கேட்டுக்கொண்டு படுக்க வேண்டுமா? அன்றைக்கே முடிவு செய்தேன். வண்டிக்கு என்ன என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவருக்குக் காலையில் ஒரு முடிவும் சாயங்காலம் வேறு முடிவும் வந்தால் ஆளைச் சந்தேகப்பட மாட்டோம். இடையில் என்ன மாறியது என்றுதான் கேட்போம். நான் ஓட்டினால் இருமுகிறது, ஸ்டான்லி ஓட்டினால் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் தள்ளிவைத்தால் மிச்சம் என்ன? நான் விடியும்போது ஓட்டுகிறேன், அவன் வெயில் ஏறிய பிறகு. நான் கடலோரத்தில் கிளப்புகிறேன், வெங்கடேசன் அண்ணன் செங்கல்பட்டில். அது வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் புத்தி நகரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்து ஒரு கையேந்தி பவனில் ஆம்லெட் வாங்கினேன். உப்பு டப்பாவைக் கவிழ்த்தேன். பொலபொலவென்று கொட்டி ஆம்லெட்டே பாழ். எங்கள் வீட்டு உப்பு டப்பாவை எத்தனை தடவை தட்டினாலும் ஒரு சிட்டிகை விழாது. எப்போதும் ஈரம், எப்போதும் கட்டி. தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

ஈரம்தான்! காலைக் காற்றில் வருகிற உப்பு ஈரம். செங்கல்பட்டு வருவதற்குள் இஞ்சின் சூட்டில் காய்ந்துவிடுகிறது. மெக்கானிக் பார்க்கும்போது நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிவிடுகிறது.

எங்கள் நிலையத்தில் மேஜை துடைக்கத் தண்ணீர் பீய்ச்சும் பாட்டில் ஒன்று உண்டு. அதைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். வெங்கடேசன் அண்ணன் என்னைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார்.

"மறுபடியுமாம்மா?"

"அண்ணா, நீங்க எங்க ஊருக்கு வர மாட்டீங்க. அதான் எங்க ஊர் விடியக்காலையே இங்க எடுத்தாந்துட்டேன். வண்டிய கிளப்புங்க."

"தண்ணியா? யம்மா, அது இஞ்சினு. துளசிச் செடி இல்ல."

ஆனாலும் கிளப்பினார். அவருக்கும் உள்ளுக்குள் ஆவல் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. பானெட்டைத் திறந்தேன். இஞ்சின் தலையில் நாலு கறுப்பு ரப்பர் தொப்பிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு பிளக் குழிக்குள் இறங்கியிருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். முதல் தொப்பிமேல் லேசாகப் பீய்ச்சினேன். ஒன்றுமில்லை. இரண்டாவது, அதுவும் கம்மென்று இருந்தது. மூன்றாவதில் பீய்ச்சியதுதான் தாமதம், டிக் டிக் என்று ஒரு சத்தம். வண்டி குலுங்கியது. அதே இருமல்! செங்கல்பட்டில், பட்டப்பகலில், அவர் கண் முன்னால்!

"கேளுங்கண்ணா! கேளுங்க! இதான்! இதுக்குத்தான் நான் பைத்தியம் மாதிரி கத்திகினு இருந்தேன்!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் ஒரு சாக்கைத் தூக்கி மேலே பிடித்து நிழலாக்கினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மூன்றாவது தொப்பியின் ஓரத்திலிருந்து நீலமாக ஒரு பொறி, இரும்புக்குத் தாவித் தாவி ஓடியது.

"அடப்பாவி" என்றார் அவர், கிட்டத்தட்ட அன்போடு. "உள்ள போவ வேண்டிய கரண்ட்டு வெளிய ஊர் சுத்திகினு கீது பாரேன்."

இஞ்சினை நிறுத்தித் தொப்பியை உருவினார். டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிப்போய் விரிசல் விட்டிருந்தது. குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தது.

"நான் பிளக் மாத்தினப்பவே கொஞ்சம் ஈரமாத்தான் இருந்துச்சு. தொடச்சி வுட்டுட்டேன், அதான் தப்பு" என்று அவராகவே தலையில் தட்டிக்கொண்டார். "மேல் கேஸ்கெட்டு போயிருக்கு. இஞ்சின் ஆயில் கசிஞ்சி ரப்பர தின்னுடுச்சி." மற்ற மூன்று தொப்பிகளையும் நான் உருவிப் பார்த்தேன்.

"மத்த மூணு குழியும் காஞ்சி கீதே. ஏண்ணா மூணாவது மட்டும்?"

என் பையில் எப்போதும் பஞ்சு இருக்கும். ஒரு துண்டைக் குழிக்குள் ஒற்றி எடுத்தேன். தேன் நிறம். ஆயில் அளக்கும் குச்சியை உருவி இன்னொரு பஞ்சில் துடைத்தேன். தார் மாதிரிக் கறுப்பு. இரண்டையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அண்ணா, இது ரெண்டும் ஒரே ஆளோட ரத்தம் இல்ல."

அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். பெட்ரோல் வாடையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. "அப்போ யாரோ வெளியேர்ந்து ஊத்திகீறாங்க" என்றார் மெதுவாக. "வேணும்னே."

குழியைத் துடைத்து, புது வயரும் தொப்பியும் போட்டுக் கொடுத்தார். மறுபடி பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சினோம். வண்டி குலுங்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலை, கடல் காற்று முகத்தில் பிசுபிசுக்க, அணுபுரம் வளைவைத் தாண்டும்போது நான் தனியாகக் கைதட்டினேன். ஆனால் மனசு அந்தத் தேன் நிற எண்ணெயிலேயே நின்றது. யார் ஊற்றினார்கள்? எதற்கு? இந்த வண்டி போனால் யாருக்கு லாபம்? யோசிக்க யோசிக்க ஒரே முகம்தான் வந்தது. கொட்டகையில் இடம் கேட்ட முகம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தபோது அச்சரப்பாக்கத்துக்காரர் வந்து காத்திருந்தார். பெயர் குமார், நெல் வியாபாரி. வெள்ளைச் சட்டை, பைக் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தது. வண்டி சரியாகிவிட்டது என்று நான் சனிக்கிழமையே சொல்லியும் ஸ்டான்லி அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

"சரியாயிடுச்சின்னு நீ சொல்றே. எத்த வெச்சி நம்பறது?" என்றார் அப்பா.

"வாங்கப்பா, காட்றேன்."

பானெட்டைத் திறந்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். புதுத் தொப்பியை உருவிக் காட்டினேன். கை வழுக்கியது. தொப்பி ஓரமெல்லாம் எண்ணெய். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் தேன் நிறத்தில் பளபளவென்று.

எனக்குள் இருந்த பேய் எழுந்துவிட்டது.

"டேய் ஸ்டான்லி! நீ மனுசனாடா? ஒரு பைக் நிறுத்தற எடத்துக்காக அக்காவ லாரிக்கு அடில அனுப்புவியாடா?"

"நான் இன்னாடி பண்ணேன்?" அவனுக்கு அக்கா மறந்துபோனது.

"எண்ண ஊத்தனது நீதானே? சொல்லு! சர்ச்சுலேர்ந்து வந்த வாயால சொல்லு!"

"யேசப்பா மேல சத்தியமா எனக்கு ஒண்ணியும் தெரியாது!"

குமார் இரண்டு அடி பின்னால் போனார். அப்பா கையை ஓங்கினார், யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. அப்போது அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். கையில் கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. ஜெப எண்ணெய். பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த ஒலிவ எண்ணெய்.

"அவன இன்னாத்துக்குடி கடிக்கிறே? நான்தான் வெச்சேன்."

குப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"நீ குளிக்கப் போறப்ப தெனம் ஒரு சொட்டு. செலுவ போட்டு. ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தறதுக்கு இந்த முன்மூடிய தொறக்க நீதானே சொல்லிக் குடுத்தே? அப்போ, இதுல உசுரு எதுடீன்னு கேட்டேன். நீ இத்தத்தானே தொட்டுக் காட்னே?" அவள் விரல் நேராக மூன்றாவது தொப்பியைத் தொட்டது. "அந்த லாரிக்கு அப்புறம் ரெண்டு சொட்டா வெச்சேன்."

குமார்தான் முதலில் வாய் திறந்தார். "எங்க பக்கம் எலுமிச்சம்பழம் வெப்போம்மா. ஆனா டயருக்குக் கீழதான் வெப்போம்."

அப்பா வெடித்துச் சிரித்தார். ஸ்டான்லி சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் முகங்களையும் குழிக்குள் மின்னிய எண்ணெயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ… உன்ன நடு ரோட்ல நிக்க வெச்சது நானாடி?"

இரண்டு நாளாக யாரைப் பிடித்துக் கிழிக்கலாம் என்று அலைந்த நான், குப்பியை அவள் கையிலிருந்து வாங்கி மூடினேன்.

"என் தலைல வெக்கறதுதானம்மா" என்றேன். "வண்டிக்கு எதுக்கு?"

"நீ எங்கடி நிக்கறே? ஒரு கைல இட்லி, ஒரு கைல சாவி. கூப்ட்டா திரும்பறதுக்குள்ள பறந்துட்றே. வண்டிதான் நிக்குது."

அப்பா தொண்டையைச் செருமினார். குமாரின் தோளைத் தொட்டு, "வண்டிய விக்கறதா இல்லபா. இவ்ளோ தூரம் வந்துட்டே, நாஸ்தா துன்னுட்டுப் போ" என்றார். ஸ்டான்லி என் எதிரில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஸாரி சொல்லு."

"அப்பறமா சொல்றேன்டா" என்றேன். குழியைத் துடைக்கப் பஞ்சு தேடிப் போனேன்.

திங்கட்கிழமை இட்லியை மேஜையிலும் சாவியை ஆணியிலும் விட்டுவிட்டு, அம்மா முன்னால் போய் நின்றேன். நெற்றியில் சிலுவை போட்டாள். ஜெபம் நீண்டது. லாரி டிரைவர்களுக்காக ஜெபித்தாள், அணுபுரம் வளைவுக்காக, வெங்கடேசன் அண்ணனுக்காக. நேரமாகிக்கொண்டிருந்தது. கால் பரபரத்தது. அசையவில்லை.

வண்டி இருமவே இல்லை. திருக்கழுக்குன்றம் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். எண்ணெய் புருவத்துக்கு இறங்கியது, அதைத் துடைக்காமலே போய் நிலையத்தின் கதவைத் திறந்தேன்.

வாசலில் பசியோடு உட்கார்ந்திருந்த முதல் தாத்தா என் முகத்தையே பார்த்தார். "இன்னாம்மா, நெத்தில எண்ண வழியுது?"

"எங்கம்மா வெச்சது தாத்தா. முன்னாடி வண்டிக்கு வெச்சிகினு இருந்தாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.