நூற்று அறுபதாம் பக்கம்

மேடையில் நின்று நாவலின் கடைசி வரியை வாசித்து முடித்து, புத்தகத்தை மூடப்போன கெசியா அப்படியே நின்றுவிட்டாள். எதிர்ப்பக்கத்தில் கதை ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தெரிந்து அந்த நாவல் நூற்று அறுபதாம் பக்கத்தோடு சரி. ‘பஸ் இன்னும் வரவில்லை. பூரணம் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.’ அவ்வளவுதான் முடிவு. அந்த முடிவைப் புகழ்ந்து எழுதித்தான் அவளுக்கு இந்த மேடையே கிடைத்தது. இப்போது கையிலிருந்த பிரதியில் நூற்று அறுபத்தோராம் பக்கம் என்று ஒன்று இருந்தது. ‘பின்னால் சைக்கிள் மணி கேட்டது’ என்று அது ஆரம்பித்தது.

கூட்டம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வேணியும் கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்த முடிவை நம்பித்தான் வேணி தன் வீட்டை விட்டே வந்திருந்தாள்.

கெசியா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். சேர்ந்த புதிதில் பொழுதுபோகாமல் புத்தகங்களைப் பற்றி ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். அப்போது அவள் எழுதியது விமர்சனம் என்று சொன்னால் விமர்சனத்துக்கே கோபம் வரும். பின்னட்டையில் இருப்பதைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிப் போட்டு, அடியில் பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று மார்க் போடுவாள். அம்மா சாலோமி பள்ளிக்கூட டீச்சர். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு அதுதான் கைவந்தது. பாதிகூடப் படிக்காத புத்தகத்துக்கும் தாராளமாக மார்க் போட்டிருக்கிறாள்.

அதை யாரும் கேட்கவில்லை, ஒரே ஓர் ஆளைத் தவிர. ஒரு பதிவின் கீழே ‘வேணி, முக்கூடல்’ என்று பேர் போட்டு ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘அந்தப் பெண் கல்யாணப் பந்தியில் ஏன் எழுந்து போனாள் என்று நீங்கள் சொல்லவில்லையே?’ அப்படியொரு பந்தி அந்தக் கதையில் வருவதே கெசியாவுக்குத் தெரியாது. யாரும் பார்க்காவிட்டாலும் முகம் சிவந்துபோயிற்று. புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து படித்தாள். அந்தப் பெண் ஏன் எழுந்து போனாள் என்று தெரிந்தபோது மார்க் போடுகிற எண்ணமே போய்விட்டது. அதன் பிறகு எதைப் படித்தாலும், முக்கூடல்காரி என்ன கேட்பாள் என்று யோசித்து யோசித்துத்தான் எழுதினாள். எழுத்து தானாகத் தேறியது.

இப்படித் தேறிக்கொண்டிருந்த காலத்தில்தான் ‘பூரணம் புறப்பட்டாள்’ அவள் கைக்கு வந்தது, அதுவும் அவர்கள் சபைக் கோயில் வழியாக. அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த சேவலும் பூசணியும் வாழைத்தாரும் ஏலத்தில் போன பிறகு, கோயில் நூலகத்தில் கழித்துவிட்ட பழைய புத்தகக் கட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். கேட்க ஆளில்லை. ஆண்டவருக்குப் படைத்த பொருள் கேட்பாரற்றுக் கிடக்கலாமா என்று கெசியாவின் அப்பா ஜாஸ்பர் விலை கேட்டார். எதிர்த்துக் கேட்க ஒருவரும் இல்லாததால் தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டே போய், சிரிப்பும் கைதட்டலுமாகக் கட்டை வாங்கி மகளிடம் கொடுத்தார். அதற்குள் இருந்தது இந்த நாவல். எழுதிய அருமைநாயகம் இந்தப் பக்கத்துக்காரர்தான், செத்து வெகுகாலமாகிறது. எந்தக் காலத்திலோ கோயிலில் அதைப் பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதுகில் காலிகோ துணி ஒட்டி, கெட்டி அட்டை போட்டு, மணிமணியாகத் தைத்திருந்தது. அதில் ஏதாவது குறையும் என்று யார் நினைப்பார்கள்?

கதை இதுதான். பூரணத்தின் புருஷன் அவளை அடிப்பதில்லை, ஏசுவதில்லை, குடிப்பதில்லை. அவளோடு பேசமாட்டான், அவ்வளவுதான். எந்த நாளில், எந்தக் கோபத்தில் பேச்சை நிறுத்தினான் என்று அவளுக்கே நினைவில்லை. வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வான். ‘நாளைக்கு வெள்ளென சோறு வேணும்’ என்று சுவரிடம் சொல்வான், அவள் பொங்கி வைப்பாள். பிறந்த வீட்டில் போய்ச் சொன்னால், இது ஒரு குறையா என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு சாயங்காலம் அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நிற்கிறாள். நூற்று அறுபதாம் பக்கம்.

கெசியா அன்று தூங்கவில்லை. விடிந்ததும் எழுதினாள். பஸ் வந்ததா, அவள் ஏறினாளா என்று சொல்லாமல் விட்டதுதான் அருமைநாயகத்தின் பெருந்தன்மை என்றாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆசிரியர் விலகிக்கொண்டார் என்றாள். ‘முற்றும்’ என்று ஒரு வார்த்தை போடக்கூட மறுத்த அந்தத் துணிச்சலுக்கு மட்டும் ஒரு பத்தி ஒதுக்கினாள். பதிவு பற்றிக்கொண்டது. துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற திருநெல்வேலிக்காரர்களெல்லாம் எடுத்துப் பகிர்ந்தார்கள். ‘என்ன ஒரு முடிவு’ என்று எழுதாத ஆளில்லை.

பிறகுதான் வேணியிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. ‘உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் வீட்டிலும் சுவரோடுதான் பேச்சு. நேற்று நான் புறப்பட்டு வந்துவிட்டேன்.’

கெசியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயந்துதான் போனாள். ஆனால் பயத்தோடு ஒரு பெருமையும் வந்ததே, அதைத்தான் சொல்ல வேண்டும். வேணியிடம் கேட்டு, அவள் பெயரை எடுத்துவிட்டு, அந்தச் செய்தியை வலைப்பூவின் தலைமாட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைத்தாள். சாலோமிக்கு அது பிடிக்கவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளை வாழ்க்கையில் நீ எழுதினதுக்கு நீதான் பொறுப்பு, தெரிந்துகொள் என்றாள். கெசியா தெரிந்த மாதிரி தலையை ஆட்டினாள்.

இப்போது வண்ணார்பேட்டையில், ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில், வாசகர் வட்டத்தின் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். அவள் பிரதியில் அட்டைப்படம் இல்லை, காலிகோதான். போட்டோவில் அட்டை தெரிய வேண்டுமென்று செயலாளர் நமச்சிவாயம் தன் வீட்டுப் பிரதியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்திருந்தார். அதில்தான் இந்த வினை.

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நமச்சிவாயம் மைக்கைப் பிடித்தார்.

“தங்கச்சி சொன்ன இந்த முடிவு இருக்கே, இத முப்பது வருசமா நான் மனசுல போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். பஸ்ஸு வந்துச்சா வரலையா, அத நம்ம கையில விட்டுட்டாரு பாருங்க.”

கெசியா மடியிலிருந்த அவருடைய புத்தகத்தைப் பார்த்தாள். நூற்று அறுபத்தோராம் பக்கத்தைப் புரட்டப் போனால் புரளவில்லை. அச்சடித்து மடித்த தாளை வெட்டாமல் விட்டிருந்தார்கள். கடைசிப் பதினாறு பக்கமும் மேல் விளிம்பில் ஒட்டியபடியே, கத்தி படாமல், வாங்கின நாளில் இருந்த மாதிரி இருந்தது. முப்பது வருஷமாக உருட்டுகிறவர் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களையும் கெசியா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் வாசித்து நிறுத்தியபோது, கதை இன்னும் இருக்கிறதே என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. புகழ்ந்தவர்களில் ஒருத்தர்கூடப் படிக்கவில்லை. அவள் வாய்ப்பாட்டைத்தான் எல்லோரும் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

நன்றியுரை நடக்கும்போதே எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி மாடிப்படிக்கு வந்தாள். கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையைக் கழற்றி, அதன் விளிம்பால் பக்கங்களைக் கிழித்தாள். நின்றபடியே படித்தாள்.

சைக்கிளில் வந்தது புருஷன்தான். பஸ்ஸும் வருகிறது. நடத்துனர் விசில் அடிக்கக் காத்திருக்கிறான். புருஷன் சைக்கிளைவிட்டு இறங்காமல், அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறான். ‘வா.’ பூரணம் உடைந்து அழுகிறாள். பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டிவிட்டு, பின்னாலேயே நடந்து வீட்டுக்குப் போகிறாள். மிச்சப் பக்கமெல்லாம் ஒரே சந்தோஷம். அந்த ஒரு சொல்லுக்காக அவள் காத்திருந்த பொறுமையை அருமைநாயகம் மெச்சி மெச்சி எழுதியிருந்தார். அதற்கடியில், ஒரு குத்துவிளக்குப் படம் போட்டு, பெரிய எழுத்தில் ‘முற்றும்’.

எந்த மனுஷன் கதவைத் திறந்து வைத்தான் என்று கெசியா எழுதினாளோ, அவன் பூரணத்தை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டிருந்தான். பைண்டர் எவனோ பதினாறு பக்க ஃபாரம் ஒன்றைத் தவறவிட்டான், அவள் அதற்கு விளக்கம் எழுதினாள், அதைப் படித்து ஒரு பெண் வீட்டை விட்டு வந்துவிட்டாள். இல்லாத முடிவை நம்பி. வேணிக்கு இது தெரிந்தால் என்ன ஆவாள்? சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. நமச்சிவாயமே சாகும்வரை பிரிக்கப்போவதில்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் அந்தப் பந்தியைப் பற்றி முதல் கேள்வி கேட்டவள் வேணி. அவளிடம் படிக்காத புத்தகத்துக்கு இன்னொரு தரம் மார்க் போட முடியாது.

கூட்டம் கலைந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். வேணி கடைசியாக வந்தாள். முப்பதை ஒட்டிய வயசு, ஒல்லியான ஆள். இப்போது பக்கத்துத் தெருவில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். கூட்டத்துக்கு முன்னால்தான் இருவரும் முதல் தடவையாக நேரில் பார்த்திருந்தார்கள்.

“அக்கா, ஒரு விசயம் சொல்லணும்” என்றாள் கெசியா. “நான் படிச்ச புத்தகத்துல கடைசி பக்கமெல்லாம் இல்ல. பைண்டிங்குல போயிருச்சு. கதை அங்கன முடியல. பூரணம் போகல அக்கா. திரும்பிப் போயிட்டா.”

சொல்லிவிட்டு, கிழித்த பக்கங்களை விரித்து நீட்டினாள். வேணி கத்துவாள், அழுவாள், இல்லையென்றால் புத்தகத்தைப் பிடுங்கி வீசுவாள் என்று எதிர்பார்த்தாள்.

வேணி புத்தகத்தை வாங்கவே இல்லை. “சைக்கிள்ல வந்து வான்னு கூப்பிடுவான். அதான?” என்றாள்.

நீட்டிய புத்தகத்தைக் கெசியா மெல்ல மூடினாள்.

“நான் கல்யாணத்துக்கு முந்தியே இத படிச்சவ கெசியா. எங்க ஊரு நூலகத்துல எடுத்து, முழுசா, அழுது அழுது படிச்சேன். எங்க வீட்டுலயும் அதே கத ஆன பெறவு, அந்த ஒரு சொல்ல நம்பித்தான் இத்தன வருசம் கெடந்தேன். இன்னைக்கு சொல்லுவாக, நாளைக்கு சொல்லுவாகன்னு.”

கீழே தெருவில் பஸ்கள் ஹாரன் அடித்தன. வேணி படியில் உட்கார்ந்தாள். கெசியாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ எழுதினதப் பாத்ததும் திக்குன்னு ஆயிருச்சு. பக்கம் இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ வேணும்னே அத வெட்டிட்டன்னு நெனச்சேன். அந்த முடிவு சரியில்லன்னு ஒரு பிள்ள தூக்கிப் போட்டுட்டாளே, பொஸ்தகத்துலயே தூக்கிப் போடலாம்னா நம்ம ஏன் போடக்கூடாதுன்னுதான் பொறப்பட்டேன்.”

கெசியா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தான் செய்த மடத்தனம் ஒருத்திக்குத் தைரியமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதில் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா? உள்ளதை உள்ளபடி வலைப்பூவில் எழுதிவிடப் போகிறேன், நீங்கள் அனுப்பிய செய்தியையும் எடுத்துவிடுகிறேன் என்றாள். எழுதச் சொன்னாள் வேணி. செய்தியை மட்டும் எடுக்க வேண்டாம் என்றாள்.

நமச்சிவாயம் மாடியைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி வந்து, புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஒட்டியிருந்ததைப் பிரித்துவிட்டேன், ராத்திரி கடைசிப் பதினாறு பக்கத்தைப் படித்துவிடுங்கள் அண்ணாச்சி என்று சொல்லிக் கெசியா அதை அவர் கையில் வைத்தாள். அவர் பிரிந்த ஓரங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

கெசியாவுக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“அக்கா, ஒருவேள உங்க வீட்டுக்காரரும் வந்து அப்படிக் கூப்பிட்டா?”

வேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நேத்து வந்தாக. விடுதி வாசல்ல நின்னாக. என் முகத்தப் பாத்து, வான்னாக.”

கெசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“நான் பேசல” என்றாள் வேணி.