திறன் போதாதாம்

"திறன் போதாதாம்! யாருக்கு? எனக்கா?"

தையல்காரம்மா கத்திரிக்கோலை மேசைமேல் வீசினாள். அரசு ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு அங்கி தைக்கும் டெண்டர் அது. சொந்தமாகத் தைக்கிற சிறு கூடங்களுக்கென்றே ஒதுக்கியது. இவள் விலைதான் எல்லாரையும்விடக் குறைவு. ஆனாலும் இவளுக்குத் திறன் போதாதென்று தள்ளிவிட்டு எவனுக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆட்சேபம் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"கத்தி என்ன பிரயோசனம் அண்ணி? மெஷினெல்லாம் சும்மா கிடக்கு" என்றாள் நாத்தனார்.

அந்த நேரம் பார்த்து, மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். ஏதோ கம்பெனி மேனேஜராம். கையில் ஓர் அங்கி.

"இதே மாதிரி மொத்தமா தைக்கணும்மா. ஆஸ்பத்திரி ஆர்டர் எங்களுக்குக் கிடைச்சிருக்கு. லேபிள் மட்டும் எங்களோடது."

வாயில் கவ்வியிருந்த குண்டூசியை நாத்தனார் விழுங்காத குறை.

தையல்காரம்மாவுக்கு உச்சந்தலை கொதித்தது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

"உங்ககிட்ட எத்தனை மெஷின் சார்?"

"எங்களுது ஆபீஸ்மா. காபி மெஷின் வேணா ஒண்ணு இருக்கு." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். விலை சொன்னார். இவள் டெண்டரில் கேட்டதில் சரிபாதி.

நாத்தனார் அவள் முந்தானையை இழுத்தாள். "ஒத்துக்கலாமே அண்ணி. பாதியாவது வரும்."

"நம்ம சோத்தை வழிச்சுத் தின்னுட்டு எச்சில் தட்டை நீட்டுறான். வாங்கிக்கச் சொல்றியா?" பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தவள், அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு மறதி ஜாஸ்தி சார். சொன்னதை அப்படியே போன்ல வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்பிடுங்க."

மனுஷன் வாசலில் நின்றபடியே பேசி அனுப்பிவிட்டுப் போனார்.

அரை மணியில் அவள் நாத்தனாரோடு டெண்டர் அதிகாரியின் மேசை முன்னால் நின்றாள்.

"உங்க கூடத்துக்குத் திறன் போதாதுன்னு குழு முடிவு பண்ணிடுச்சும்மா. நாளைக்கு வாங்க, பேசலாம்."

"நாளைக்கு வந்தா கெடு தாண்டிடுச்சும்பீங்க. இதைக் கேளுங்க."

போனை அழுத்தினாள். மேனேஜர் குரல் அறையெங்கும் ஒலித்தது. 'ஆஸ்பத்திரி ஆர்டர் அங்கி அத்தனையும் நீங்களே தைச்சுடுங்கம்மா. எங்ககிட்ட மெஷின் கிடையாது...'

பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றன.

"அதை நிறுத்துங்க முதல்ல!"

"நிறுத்துறேன். ஆட்சேபத்தை வாங்கிக்கிட்டு சீல் போடுங்க. விசாரணை முடியிறவரைக்கும் ஒப்பந்தத்துல கையெழுத்து விழக்கூடாது. நான் சொல்லலை சார், உங்க விதி சொல்லுது."

அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமல் சீலை ஓங்கிக் குத்தினார்.

படியிறங்கும்போது நாத்தனார் கேட்டாள். "நமக்கே கிடைச்சிடுமா அண்ணி?"

"தெரியாதுடி. சண்டை போடாம மட்டும் விடமாட்டேன்."

போன் அடித்தது. மேனேஜர்தான்.

"வேலையை எப்பம்மா ஆரம்பிக்கிறீங்க?"

"ஆரம்பிச்சாச்சு சார்."