சிற்றம்பலத்தின் பெயரில் ஒரு கட்டு

“திரு பாலேந்திராவுக்கு இன்றும் ஒன்றுமில்லை” என்றாள் நூலகக் கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண், ஏட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

பாலேந்திராவுக்குச் சுள்ளென்று ஏறியது. இது மூன்றாவது வியாழன். ஹவுன்ஸ்லோ பெட்ரோல் நிலையத்தில் ஷிப்டை மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை கெஞ்சியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் தூதராக இருந்த அமெரிக்க எழுத்தாளர் விட்கமுக்கும், அன்று கொடிகட்டிப் பறந்த கவிஞர்கள், மந்திரிகளுக்கும் இருந்த சிநேகம்தான் அவனுடைய ஆய்வு. அத்தியாயத்தைப் படித்த பேராசிரியர் ஓரத்தில் கிறுக்கியிருந்தார்: ‘இதெல்லாம் ஊர்க்கதை. கடிதம் எங்கே?’ கடிதங்கள் அமெரிக்காவிலிருந்து இந்த நூலகத்துக்கு இரவலாக வந்திருந்தன. நாளை திரும்பிப் போகின்றன. திங்கட்கிழமை அத்தியாயம் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகப் பதிவு ரத்து. பதிவோடு விசாவும்.

படியிறங்கியவனை வாசலில் பை சோதிக்கிற யாக்கோப்பு மறித்தான். யாழ்ப்பாணம் குருநகர்க்காரன்.

“என்ன அண்ணை, இண்டைக்கும் வெறுங்கையோ? உங்கட அமெரிக்கன் உங்களோட கோவம் போல!”

“பகிடி விடாத. எனக்கு விசர் வருது.”

“மேல ஒரு கட்டு மூண்டு கிழமையாக் கிடக்கு. கேட்டுப்போட்டு ஆள் வரேல்லையாம், சிரிக்கிறாளவை. மிஸ்டர் சிற்றம்பலம். ஆரண்ணை அந்தாள்? எங்கட ஆள்தானே, பிடிச்சு நல்லா ஏசவேணும்.”

பாலேந்திரா படியைத் திரும்பிப் பார்த்தான்.

“அது எங்கட அப்பா.”

“அவர் எப்ப லண்டன் வந்தவர்?”

“கொழும்பையே ரெண்டு தரந்தான் பாத்தவர். செத்து ஒம்பது வருசம்.”

நூலக விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்றிருந்த கட்டத்தில், வேறு என்ன எழுதுவது என்று அப்பாவின் பெயரைத் தன் கையாலேயே நிரப்பியது இப்போதுதான் உறைத்தது. யாரைப் போய்த் திட்ட?

இரண்டிரண்டு படியாகத் தாவி, பாஸ்போர்ட்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, கட்டு கைக்கு வந்தபோது மணி நாலு இருபது. ஐந்துக்கு மூடிவிடுவார்கள். நாற்பத்தொரு கடிதங்கள்!

முதலாவதை விரித்தான். ‘என் அருமை நண்பா’ வரை ஓடிய கண் அடுத்த வரியில் முட்டி நின்றது. தபால் செலவுக்குப் பயந்தோ என்னவோ, மனிதர் பக்கம் முழுக்க எழுதி முடித்து, தாளைப் பக்கவாட்டில் திருப்பி, அதே எழுத்துகளுக்குக் குறுக்கே இன்னொரு பக்கமும் எழுதித் தள்ளியிருந்தார். மீன்வலை மாதிரி.

“இன்னும் பத்து நிமிடம்” என்றது ஒரு குரல்.

பாலேந்திரா தாளை நெடுக்காகப் பிடித்தான். குறுக்காகத் திருப்பினான். பிறகு தாளை மேசையில் விட்டுவிட்டு, ஒரு பக்கத்து வரிகளாவது பிரிந்து தெரியுமா என்று கழுத்தைச் சாய்த்து, கன்னம் மேசையில் படுமளவுக்குக் குனிந்தான்.